மூன்றாவது கார்டு குடித்த கதை

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று எங்கள் ஊரில் முதன்முதலாகச் சொன்னவன் நான்தான். பழியை வேறு யார் தலையிலாவது கட்டலாமா என்று இருபது வருடமாகத் தேடியும் ஆள் கிடைக்காததால் ஒப்புக்கொள்கிறேன். யாரும் கேட்டு நான் அதைச் சொல்லவில்லை. டீக்கடையில் சொன்னேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னேன். ஒரு சாவுக்குப் போய்க் கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்த வழியிலும் சொன்னேன். (அன்றைக்கு மறுத்துப் பேசாமல் கேட்டவர் பெட்டிக்குள் இருந்தவர் ஒருவர்தான்.)

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே சதுரங்கப்பட்டினம் போகிற சாலையில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா சவுக்குக் கட்டை லாரிகளில் லோடு ஏற்றுகிறவர். அம்மா நடவுக்கும் கடலை பிடுங்கவும் போனவள். எஸ்தர் அக்கா எட்டாவதோடு நின்று, மாமல்லபுரத்தில் சங்கு, சிப்பிப் பொருள் விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் சம்பளத்தில்தான் நான் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தேன். படித்து முடித்து, செங்கல்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தும் வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர் செருகியிருப்பேன். டாக்டர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்குவதுபோல என்று எனக்கு நினைப்பு. சைக்கிள் கடையில் சேர்ந்துவிட்டான் என்று ஊரில் பாதிப் பேருக்கு நினைப்பு.

புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்தியவர் ஜெபமணி சார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நிரூபிக்காத எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார், வேதாகமம் ஒன்றுக்கு மட்டும் விலக்கு. அவரே எழுதி மெட்டுப் போட்ட ஒன்பது பாட்டுகளைச் சிடியாகக் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சென்னைக்குப் போய் ஸ்டுடியோ பிடிக்கச் சபைக்கு வசதியில்லை.

"நான் பண்றேன் சார்," என்றேன்.

"உனக்குத் தெரியுமாடா தானியேலு?"

"கம்ப்யூட்டருக்குத் தெரியும் சார்."

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் சவுண்ட் கார்டு என்று ஓர் அட்டை இருக்கும். மைக்கில் வரும் சத்தத்தை எண்களாக மாற்றிப் பதிவது அதன் வேலை. ஒரு கார்டில் இரண்டு மைக்கைத் தனித்தனியாகப் பதியலாம். எனக்கோ ஆறு மைக் வேண்டியிருந்தது. பெண்கள் வரிசைக்கு ஒன்று, ஆண்கள் வரிசைக்கு ஒன்று, ஜெபமணி சாருக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, டோலக்கின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு. ஆகவே மூன்று கார்டு. (இரண்டும் இரண்டும் இரண்டும் ஆறு. அந்தக் கணக்கில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.)

செங்கல்பட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒரே கம்ப்யூட்டரில் பல சவுண்ட் கார்டுகளைப் பொருத்துவது பற்றி ஓர் ஆங்கிலக் கட்டுரையைப் பிடித்தேன். நான் மடியில் அகராதியோடு ஆங்கிலம் படிக்கிறவன். கட்டுரையின் முதல் பாதி, எப்படிப் பொருத்துவது. அது முடிவதற்குள் என் ஒரு மணி நேரம் முடிந்து, கடைக்காரர், "தம்பி, ஆள் நிக்கிறாங்கோ," என்றார். இரண்டாம் பாதியின் தலைப்பு மட்டும் கண்ணில் பட்டது. இதைச் செய்வதற்கு முன் கவனிக்க வேண்டியவை என்பதுபோல ஏதோ. பொருத்தத்தான் தெரிந்துவிட்டதே என்று எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு கார்டுகளைப் புதிதாக, ஒரே ரகமாக வாங்கினேன். மூன்றாவதை எங்கள் சென்டரில் செத்துக் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரின் வயிற்றிலிருந்து எடுத்தேன். சென்டரில் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் பொருத்தினேன். மூன்றும் வேலை செய்தன. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மூணு பேரும் ஒத்துமையா இருப்பாங்களா?" என்று கேட்டாள். என் படிப்பு கேட்காத கேள்வி அது.

இனி மோசஸ் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழுவில் டோலக் வாசிப்பவர். செய்யூர் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். அவர் விசில் ஊதினால்தான் வண்டி நகரும். அவர் சாப்பிட உட்காருவதைப் பார்த்து அங்கே கடைக்காரர்கள் கடிகாரத்தைத் திருத்திவைப்பார்கள். அதிகம் பேச மாட்டார். அவருக்கு எஸ்தர் அக்காவைக் கேட்டிருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பிடித்திருந்தது. அக்காவுக்கும் பிடித்திருந்தது. (கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆனால் பாடல் பயிற்சி நாளில் மட்டும் கடையிலிருந்து ஒரு பஸ் முன்னதாக வந்துவிடுவாள்.) சிடி வெளியீடு முடிந்த அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம் என்று பேசியிருந்தது.

அப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை குடிக்கக் கூடாது.

அதற்குக் காரணம் இருந்தது. நான் ஐந்தாவது படிக்கும் வரைக்கும் அப்பா குடித்தார். ஒருநாள் விட்டார், விட்டதுதான். ஆனால் அந்தக் காலம் எங்கள் வீட்டுக்கு ஒரு கலையை விட்டுவிட்டுப் போயிருந்தது. தெருமுனையில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு, "ஒரு கிளாஸு," "ரெண்டு கிளாஸு," என்று சொல்லிவிடுவாள். நடையின் தாளம் எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் கணக்கு. மூன்று என்றால் எங்களைத் தூங்கச் சொல்லிவிடுவாள். ஒருமுறையும் தப்பியதில்லை. ஜெபமணி சாரே பாராட்டும் அளவுக்குத் துல்லியம்.

பதிவு ஒரு சனிக்கிழமை பகலில், எங்கள் சபைக் கோயிலில். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மின்விசிறி சத்தம் மைக்கில் விழும் என்று எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். சித்திரை வெயில். கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு சிற்பக்கூடம். அங்கே ஆறுமுகம் அண்ணன் என்பவர் உளியால் கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். பாட்டு முடியும் வரைக்கும் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். "சரி தம்பி, சாப்ட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு எய்ந்துக்கிறேன்," என்றார்.

டோலக் சத்தம் மற்ற மைக்குகளில் புகுந்துவிடாமல் இருக்க, மோசஸ் அண்ணனை மட்டும் வெஸ்ட்ரிக்குள் உட்காரவைத்தேன். போதகர் அங்கி மாற்றும் சின்ன அறை அது. காதில் ஹெட்போன், கதவில் கம்பளி. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், ஓர் அலமாரி. நற்கருணைக்கு வைக்கும் திராட்சரசம் அந்த அலமாரியில்தான் இருக்கும். அந்த நேரத்தில் அது யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று கார்டுகளின் பதிவையும் பிறகு ஒன்றாகப் பொருத்த, தொடக்கத்தில் எல்லா மைக்கிலும் கேட்கும்படி ஒரு அடையாளச் சத்தம் வேண்டும். அது மட்டும் கட்டுரையின் முதல் பாதியிலேயே இருந்தது. வெஸ்ட்ரி கதவைத் திறந்துவைத்து, "ஐயா, ஒரே ஒரு கைதட்டல் வேணும்," என்று போதகரிடம் கேட்டேன்.

அவர் மைக்கைப் பிடித்தார். "தம்பி தானியேல் கேட்டுக்கொண்டபடி, நம் ஆண்டவருக்கு ஒரு கரவொலி செலுத்துவோம்."

இருபது பேரும் தட்டினார்கள். அல்லேலூயா சொன்னார்கள். ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் தட்டினார்கள். ஒரு நிமிடம் ஓடியது. கம்ப்யூட்டர் திரையில் எது முதல் தட்டு எது கடைசித் தட்டு என்று தெரியாமல் பச்சைக் காடாக இருந்தது.

"ஐயா, ஒருத்தர் மட்டும் ஒரு தடவ தட்டினா போதும்."

"ஆண்டவருக்கு ஒருத்தர் மட்டும் தட்டினா போதுமா தம்பி?" என்றார் போதகர் வருத்தமாக. மறுபடி எல்லோரும் தட்டினார்கள், இந்த முறை என் மனம் திரும்புவதற்காக.

கடைசியில் காணிக்கைத் தட்டைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டி அடையாளம் வைத்துக்கொண்டேன். கதவைச் சாத்தினேன். ஒவ்வொரு பாட்டுக்கும் நிறுத்தி நிறுத்திப் பதியலாம் என்றேன். ஆராதனையை இடையில் நிறுத்துவது பாவம் என்று ஜெபமணி சார் மறுத்துவிட்டார். ஒன்பது பாட்டும் ஒரே மூச்சில், நாற்பது நிமிடம். வேர்வையில் சோப்ரானோ பாடும் பெண்கள் வரிசை முழுகிக்கொண்டிருந்தது. ஆனால் நன்றாகத்தான் பாடினார்கள். கடைசிப் பாட்டின் நடுவில் பின்னாலிருந்து உளிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஆறுமுகம் அண்ணன் தூங்கி எழுந்துவிட்டிருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தபோது மோசஸ் அண்ணன் குளித்து எழுந்தவர்போல நனைந்து, கண் சிவந்து, கால் மரத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அதைப் பலர் பார்த்தார்கள்.

திங்கள் முதல் சென்டரில் மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து மூன்று பதிவுகளையும் சேர்த்தேன். காணிக்கைத் தட்டின் சத்தம் மூன்றிலும் கூரிய முள்ளாகத் தெரிந்தது. மூன்று முள்ளையும் ஒரே கோட்டில் நிறுத்தினேன். முதல் பாட்டைப் போட்டுக் கேட்டேன். அப்படி இருந்தது. எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொடக்கம் சரியாக இருந்தால் மிச்சமும் சரியாகத்தானே இருக்கும் என்று அப்படியே சிடியில் எழுதிவிட்டேன். முழுதும் கேட்டுப் பார்க்க நாற்பது நிமிடம் ஆகும். சிடி உறையில் ஒலிப்பதிவு என்று என் பெயரை எந்த எழுத்துருவில் போடுவது என்று பார்க்க மூன்று நாள் செலவிட்டேன்.

ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் வெளியீடு. போதகர் ஜெபித்தார். எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். முன்வரிசையில் அப்பா, அம்மா, அக்கா. எதிர்ப்பக்கம் மோசஸ் அண்ணன், புதுச் சட்டையில். கோயிலின் பெரிய ஸ்பீக்கரில் சிடியை ஓடவிட்டேன்.

முதல் பாட்டு முடிந்ததும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தாழ்மையாக ஸ்க்ரூடிரைவரைத் தொட்டுக்கொண்டேன்.

இரண்டாவது பாட்டில் டோலக் லேசாக இழுத்தது. சுகமாகத்தான் இருந்தது. மூன்றாவதில் இழுப்பு தெளிவாகக் கேட்டது. ஜெபமணி சாரின் புருவம் உயர்ந்தது. முன்வரிசையில் அம்மா தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டினாள். அந்தச் சாய்ப்பை நான் பத்து வருடமாகப் பார்த்திருக்கவில்லை.

"ஒரு கிளாஸு," என்றாள் மெதுவாக.

ஐந்தாவது பாட்டில் குழு ஒரு பக்கம் போக, டோலக் மிகச் சரியாக இரண்டு தட்டுகளுக்கு நடுவில் விழுந்துகொண்டிருந்தது. படியில்லாத இடத்தில் கால்வைத்து இறங்குகிறவன் மாதிரி.

"ரெண்டு."

ஏழாவது பாட்டில் அம்மா விரலைக் காட்டினாள். மூன்று விரல்.

பின்வரிசையிலிருந்து யாரோ, "வெஸ்ட்ரிலதான ரசம் கீது," என்றார்கள். சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் எல்லாக் கண்களும் வெஸ்ட்ரி கதவுக்குப் போய், அங்கிருந்து மோசஸ் அண்ணனிடம் வந்தன. (எங்கள் சபையின் திராட்சரசம் வீட்டில் காய்ச்சிய சர்க்கரைத் தண்ணீர். பீப்பாய் பீப்பாயாகக் குடித்தாலும் சர்க்கரை வியாதிதான் வரும். அதை எடுத்துச் சொல்லும் நிலையில் யாரும் இல்லை.)

ஒன்பதாவது பாட்டில் ஓர் அதிசயம் நடந்தது. டோலக் மெல்ல மெல்ல மறுபடி குழுவோடு சேர்ந்துகொண்டது.

"தெளிஞ்சிட்டான்," என்றார் அப்பா.

மோசஸ் அண்ணன் எழுந்து நின்றார். "நான் தட்டுனது எனுக்குத் தெரியும். நான் தப்பா தட்டல," என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்பா நியாயமான மனிதர், ஒரு வாய்ப்புக் கொடுத்தார். "டேய் தானி. மிசினு எதுனா தப்பா கேட்டுருக்குமா?"

இங்கேதான் என் வாழ்க்கையின் மிகக் கேவலமான வாக்கியம் வருகிறது. என் டிப்ளமோவை, என் துண்டை, உறையில் சாய்வெழுத்தில் இருந்த என் பெயரை யாரோ பிடுங்குவதுபோல எனக்குத் தோன்றியது. நிமிர்ந்து நின்றேன்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது நைனா."

மோசஸ் அண்ணன் டோலக்கைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வெளியே போனார். அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

வீட்டுக்கு வந்தோம். சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா சொன்னார், "நான் வூட்ல பண்ண அநியாயத்த எம்பொண்ணு இன்னொருக்கா பாக்கத் தேவல. வேணான்னு சொல்லி அனுப்பிடலாம்." அம்மா தலையை ஆட்டினாள்.

அக்கா அழவில்லை. வீட்டு டேப் ரெக்கார்டர் பக்கத்தில் புதிதாக வாங்கியிருந்த சின்ன சிடி பிளேயரில் அந்தச் சிடியைப் போட்டாள். முழுதும் கேட்டாள். மறுபடி கேட்டாள். மூன்றாம் முறை கடைசிப் பாட்டில் நிறுத்தினாள்.

"தானி, இங்க வா. இந்த உளி சத்தம் ஏன் ரெண்டு ரெண்டா கேக்குது?"

கேட்டேன். டக், டக். கொஞ்சம் இடைவெளி. டக், டக்.

"ரெண்டு பேரு அடிச்சிகினு இருந்திருப்பாங்கக்கா."

"கோயிலுக்குப் பின்னால ஒருத்தர்தான கீறாரு."

"சனிக்கெயம இன்னொருத்தர் வந்திருப்பாரு."

"வந்தாரான்னு கேக்கலாம் வா." அக்கா செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டாள்.

ஆறுமுகம் அண்ணன் பாதி முடிந்த யானையின் முதுகில் உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் யார் என்று கேட்டோம்.

"நான் ஒண்டிதான் தம்பி. இந்த யானக்கி என் கூலியே கட்டுப்படியாவல, இன்னொருத்தன் எங்க வர்றது?"

"ரெண்டு சத்தம் கேக்குதே அண்ணா."

அவர் உளியை வைத்து ஓர் அடி அடித்தார். டக். என்னைப் பார்த்தார். "ஒரு அடிக்கு ஒரு சத்தந்தான் வரும். ரெண்டு கேட்டுச்சின்னா கோளாறு உங்கிட்ட கீது."

எட்டாவது படித்த அக்காவும் பள்ளிக்கூடமே போகாத ஆறுமுகம் அண்ணனும் சேர்ந்து டிப்ளமோக்காரனுக்கு அந்த இடத்தில் பாடம் முடித்துவிட்டார்கள். நான் திங்கட்கிழமை சென்டருக்கு ஓடினேன். மூன்று பதிவுகளையும் திரையில் விரித்து, கடைசிப் பாட்டில் உளி விழும் இடத்தைப் பார்த்தேன். வெஸ்ட்ரி ஜன்னல் வழியாக டோலக் மைக்கிலும் உளி கேட்டிருந்தது. ஒரே உளி, ஒரே அடி. ஒரே ரகமான முதல் இரண்டு கார்டுகளில் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இருந்தது. மூன்றாவதில் முக்கால் விநாடி, அதாவது ஒரு முழுத் தட்டு, தள்ளி இருந்தது. கடைசிப் பாட்டில் டோலக் மறுபடி சேர்ந்ததுபோலக் கேட்டது அதனால்தான்.

மதியம் பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்தக் கட்டுரையின் இரண்டாம் பாதியைப் படித்தேன். ஒவ்வொரு சவுண்ட் கார்டுக்குள்ளும் ஒரு சின்னப் படிகம் துடித்துக்கொண்டிருக்கும். அதுதான் அந்தக் கார்டின் கடிகாரம். விநாடிக்கு நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம் முறை சத்தத்தை அளந்து எழுதுவது அந்தத் துடிப்பை வைத்துத்தான். இரண்டு படிகம் ஒன்றுபோலத் துடிக்காது. தொடக்கத்தில் ஒன்றாகப் புறப்பட்டாலும் போகப்போக விலகும். எல்லாக் கார்டையும் ஒரே கடிகாரத்தில் கட்டி ஓட்டாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

செய்யூருக்குப் பஸ் ஏறினேன். மோசஸ் அண்ணன் கையில் நோட்டோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தும் முகம் மாறவில்லை.

"அண்ணா, ஒரு விஷயம்..."

"நாலு பத்து வண்டி போவட்டும்."

நாலு பத்து வண்டி போனது. கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். படிகம், துடிப்பு, விலகல். அவர் நோட்டை மூடினார்.

"மூணு பஸ்ஸு. மூணு டிரைவரு. அவனவன் வாட்ச்ச பாத்து அவனவன் ஓட்றான். டைம் கீப்பர் இல்ல. அதான?"

கட்டுரை நாலு பக்கத்தில் சொன்னது அதைத்தான்.

"ஆமாண்ணா."

"டைம் கீப்பர் இல்லாம வண்டி எடுத்த பாரு, நீயெல்லாம் இன்னா படிச்சே," என்றார். பிறகு நோட்டை மறுபடி திறந்துகொண்டே, "எஸ்தரு இன்னா சொல்லுச்சு?"

"கண்டுபிடிச்சதே அதான்."

அவர் திரும்பிக்கொண்டு விசிலை ஊதினார். அந்த நேரத்தில் அங்கே புறப்பட வேண்டிய பஸ் எதுவும் இல்லை.

இவ்வளவும் சுலபம். அப்பாவிடம் சொன்னதுதான் கஷ்டம். முழுதும் கேட்டுவிட்டு, "அக்காவுக்கோசரம் பொய் சொல்ற. பாசம், சரி. நீதான சொன்ன, கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு?" என்றார். டீக்கடையில் சொன்னேன், அவர்களும் அதையே திருப்பிச் சொன்னார்கள். பஸ் நிறுத்தத்தில் சொன்னேன், அங்கேயும் அதே. நான் விதைத்த ஒரே விதை, ஊர் பூராவும் நூற்றுக்கு நூறு முளைத்திருந்தது.

கடைசியில் ஜெபமணி சாரிடம் போனேன்.

"நிரூபி," என்றார்.

அதற்குத்தான் காத்திருந்தேன். "சார், அதே மாதிரி மறுபடி பதிவு பண்ணலாம். இந்தத் தடவ மோசஸ் அண்ணன் வெளிய. முதல் கார்டு. மூணாவது கார்டுல, வெஸ்ட்ரிக்குள்ள, நீங்க."

சார் வாழ்நாளில் சோடாகூடக் குடிக்காதவர், ஏப்பம் வரும் என்று. மனதுக்குள் போட்டுப் பார்த்தார். கணக்கில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. "சரி. ஆனா அலமாரியப் பூட்டிடணும்," என்றார்.

அடுத்த சனிக்கிழமை போதகர் அலமாரியைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள். ஆறுமுகம் அண்ணன், போன தடவை தூங்கி எழுந்து கெடுத்தவர், இந்தத் தடவை உளியோடு முன்வரிசைக்கு அழைக்கப்பட்டிருந்தார். தொடக்கத்தில் ஓர் அடி, முடிவில் ஓர் அடி. அதற்காக வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு சின்னக் கல்லையும் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மின்விசிறிகள் நின்றன. சார் உள்ளே போனார். ஒன்பது பாட்டு, நாற்பது நிமிடம். முடிந்ததும் சட்டை நனைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஊரே பார்த்தது.

இந்த முறை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கம்ப்யூட்டர் கோயிலிலேயே இருந்தது. எல்லோர் கண்ணெதிரிலும் தொடக்க அடியை ஒன்றாக நிறுத்தி, ஸ்பீக்கரில் ஓடவிட்டேன்.

முதல் பாட்டில் சார் சிங்கம். இரண்டாவதில் கொஞ்சம் குழைந்தார். மூன்றாவதில், குழு ஒரு வரியை முடித்துவிட்டுக் காத்திருக்க, சார் பின்னாலேயே ஆற அமர வந்து சேர்ந்தார்.

அம்மா தலையைச் சாய்த்தாள். சொல்லலாமா என்று அப்பாவைப் பார்த்தாள். பிறகு தொழில் தர்மம் வென்றது.

"சாரு, ஒரு கிளாஸு."

ஐந்தாவது பாட்டில் சார் தனியாக ஏதோ ஒரு திருவிழாவில் பாடிக்கொண்டிருந்தார். மோசஸ் அண்ணனின் டோலக் பாறைபோல நின்றது. அம்மா இரண்டு விரலைக் காட்டினாள். சிரிப்பை அடக்கிய போதகரின் தோள் அங்கிக்குள் குலுங்கியது. ஏழாவதில் யாரும் அடக்கவில்லை. ஒன்பதாவதில் சார் மெல்ல மெல்ல ஒரு முழுத் தட்டு பின்தங்கி மறுபடி சேர்ந்துகொண்டார். கோயில் மொத்தமும் ஒரே குரலில், "தெளிஞ்சிட்டாரு," என்றது. கடைசியாக ஆறுமுகம் அண்ணனின் ஒற்றை அடி. ஸ்பீக்கரில் டக், டக். "நான் ஒண்டிதான் அடிச்சேன்," என்றார் அவர், நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுபோல எழுந்து நின்று.

ஜெபமணி சாரும் எழுந்தார். "நிரூபிக்கப்பட்டது," என்றார். பிறகு மோசஸ் அண்ணனிடம் போய், எல்லோர் முன்னாலும் கை கூப்பினார்.

அப்பா அப்படியெல்லாம் கை கூப்புகிறவர் இல்லை. மோசஸ் அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். டோலக்கைக் கையில் எடுத்து, தூசி இல்லாத இடத்தில் தூசி தட்டினார். பிறகு, "வா மாப்ள, டீ சாப்ட்டு வரலாம்," என்றார். அதுவரைக்கும் அவர் மோசஸ் அண்ணனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை.

அக்கா என் பக்கம் வந்தாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். என் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை உருவி எடுத்துக்கொண்டு போனாள். இன்றைக்கும் அவள் வீட்டில்தான் இருக்கிறது. மிக்ஸி மூடி திறக்கப் பயன்படுகிறது.

சிடியைப் பிறகு ஒழுங்காகப் பதிந்தோம். ஒரு கார்டு, இரண்டு மைக், எல்லோரும் ஒரே அறையில், டோலக் கதவருகில். ஒலிப்பதிவு என்ற இடத்தில் எஸ்தர், ஆறுமுகம் என்று இரண்டு பெயர்கள். உதவி என்ற இடத்தில் என் பெயர். கல்யாணத்துக்கு ஆறுமுகம் அண்ணன் உள்ளங்கை அகலத்தில் ஒரு கல் டோலக் செய்து கொடுத்தார். ஜெபமணி சார் வாழ்த்துரை வழங்கினார். அவர் மேடையேறியபோது சாவியைத் தேடுவதுபோல அம்மா கழுத்தைத் தடவியதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைத்தேன். சாரும் பார்த்துவிட்டார். வாழ்த்துரை இரண்டே வரியில் முடிந்தது.

மாமாவாகிவிட்ட மோசஸ் அண்ணன் வீட்டில் யார் எங்கே தாமதமாக வந்தாலும் இப்போதும் ஒரே வார்த்தைதான். "மூணாவது கார்டு." அக்கா பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்திலேயே அதைச் சொல்லி, டீச்சர் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்கிறார்.

அப்பா மட்டும் இன்னும் முழுதாக என்னை நம்பவில்லை. போன மாதம் அவருக்கு ஒரு புது செல்போன் வாங்கிக்கொண்டு போனேன். பெட்டியைத் திறந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார். நான் எந்த மிஷினை வீட்டுக்குக் கொண்டுபோனாலும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்.

"இதுக்குள்ள எத்தினி கடியாரம் கீது?"

உண்மையைச் சொன்னால் ஒன்றுக்கு மேலேயே இருக்கும். ஆனால் அவருக்கு வயதாகிவிட்டது.

"ஒண்ணுதான் நைனா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைச் சாய்த்து, என் குரலைக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"பொய் சொல்றான்," என்றாள். "இழுக்குது."